பறந்து முடித்தாயிற்று, வீடு திரும்ப வேண்டும்: வெளிநாட்டு பாராகிளைடிங் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளம்பும்போது கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். எந்த மாதம் காற்று நன்றாக இருக்கும், எந்த விங்கை (தலைக்கு மேல் விரியும் துணி இறக்கையை) எடுத்துப் போவது, மலைக்கு வண்டி யார் ஓட்டுகிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளெல்லாம் விமான நிலைய வரிசையிலிருந்துதான் போனில் வருகின்றன, அதுவும் பை தராசில் ஏறிய பிறகு. என்னிடம் அப்படி வந்தவற்றையும், நானே மாட்டிக்கொண்டு விழித்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் விமானம். முந்தின நாள் முழுக்கப் பறக்கலாமா?

காலையில் மேலிருந்து கீழே ஒரு சின்னப் பறப்பு என்றால் சரி. நெடுந்தூரம் போகும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பேன்.

வானிலை அருமையாக இருக்கும் கடைசி நாளைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பத்து நாள் பறந்து உடம்பு சோர்ந்திருக்கும். கை பழகிவிட்டதால் அந்தச் சோர்வு வெளியே தெரியாது. "இன்றைக்கு விட்டால் இனி அடுத்த வருஷம்தான்" என்ற நினைப்பு வேறு உள்ளே குடைந்துகொண்டிருக்கும். மற்ற நாட்களில் காற்று கொஞ்சம் வலுத்தாலே ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பவர், அன்றைக்கு அதே காற்றில் விங்கை விரிப்பார். நானும் விரித்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை.

அதைத் தாண்டி நடைமுறைச் சிக்கலும் உண்டு. நெடுந்தூரம் பறந்தால் எங்கே இறங்குவோம் என்பது நம் கையில் இல்லை. ஸ்லோவேனியாவின் கோபாரிட் பக்கம் ஸ்டோல் மலைத்தொடரைப் பிடித்து மேற்கே போய்க்கொண்டே இருந்தால் இறங்குவது இத்தாலியில். பாஸ்போர்ட் விடுதி அறையில், ஆள் வேறு நாட்டுப் புல்வெளியில். சாதாரண நாளில் இது நல்ல கதை. மறுநாள் அதிகாலை விமானம் இருக்கும்போது, பேருந்து எதுவும் வராத ஒரு சாலையில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்பது கதையாக இருக்காது. எல்லை பக்கத்தில் பறக்கிறீர்கள் என்றால் எந்த நாளாக இருந்தாலும் பாஸ்போர்ட் ஹார்னஸ் (நாம் உட்கார்ந்து பறக்கும் பட்டை இருக்கை) பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, விங் காய வேண்டும். அதற்குத்தான் கடைசி நாள் பிற்பகலை ஒதுக்கச் சொல்கிறேன்.

கொஞ்சம் ஈரத்தோடு மடித்துவிட்டால் என்ன? வீட்டுக்குப் போய் விரித்துக்கொள்ளலாமே?

அப்படித்தான் நானும் ஒரு முறை நினைத்தேன். மாலை நேரப் பறப்பு, புல்லில் லேசான பனி ஈரம், கை வைத்துப் பார்த்தால் துணி குளிர்ச்சியாக இருந்ததே தவிர நனைந்ததாகத் தெரியவில்லை. சுருட்டி, அமுக்கி, பட்டையை இறுக்கிக் கட்டினேன். இரண்டு விமானம், நடுவே நீண்ட காத்திருப்பு. வீட்டுக்கு வந்ததும் தலைக்கு மேல் வேலை. பை ஒரு வாரம் மூலையில் கிடந்தது. திறந்தபோது நாள்பட்ட ஈரத்துணி வாடை. விங்குக்குள் காற்று நிறையும் அறைகளில், நடு அறைகளின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பூசணம்.

வாடையும் பொட்டும் கண்ணுக்குத் தெரிகிற பாதிதான். விங் துணி மெல்லிய நைலான். அதன் மேல் காற்று கசியாமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்லச் சிதையும். துணி கிழியாது, நிறமும் மாறாது, ஆனால் காற்றைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். வெயிலில் நின்ற காரின் டிக்கியில் ஈர விங்கை மூட்டை கட்டி வைத்தால் இது சீக்கிரம் நடக்கும்.

காய வைப்பதற்கு நிழலும் காற்றும் போதும். நேரடி வெயிலில் மணிக்கணக்கில் விரித்துப் போடக் கூடாது, புற ஊதாக் கதிர் துணியைக் கெடுக்கும். வெளியே மழை என்றால் அறையிலேயே நாற்காலிகளின் மேல் விரித்து, காற்று உள்ளே நுழையும் முன்விளிம்பின் வாயைத் திறந்து விட்டு மின்விசிறியைப் போடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பதும் ஹேர் டிரையர் அடிப்பதும் வேண்டாம். எவ்வளவு முயன்றும் காயவில்லையா? தளர்வாக மடியுங்கள், பட்டையை இறுக்காதீர்கள், வழியில் ஓர் இரவு தங்கினால் அங்கேயே திறந்து விடுங்கள்.

கடலில் இறங்கிவிட்டேன். அல்லது கடற்கரை மணல் உள்ளே போய்விட்டது.

துருக்கியின் ஒலுதெனிஸ் போன்ற இடத்தில் இது அன்றாடச் சங்கதி. 1,969 மீட்டர் உயர பாபாதாக் மலையிலிருந்து கிளம்பி நேராகக் கடற்கரைக்கு வருகிறோம். கணக்கு கொஞ்சம் தப்பினால் அலையில் கால்.

உப்புத் தண்ணீர் பட்ட விங்கை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், ஒரு முறை போதாது. சோப்பு வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். தண்ணீர் நிறைந்த விங்கை முன்விளிம்பைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் தண்ணீரின் எடையே தையலைப் பிரித்துவிடும். பின்விளிம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் வாய் வழியாகத் தண்ணீர் வடியும். விங்கை ஹார்னஸோடு இணைக்கும் நூல்களான லைன்களையும் அலச மறக்காதீர்கள், காய்ந்த உப்புப் படிகம் நூலுக்குள் இருந்து அறுக்கும். ரிசர்வ், அதாவது அவசரத்துக்கான பாராசூட், நனைந்திருந்தால் அதையும் வெளியே எடுத்து அலசி, காயவைத்து, தெரிந்தவரிடம் மறுபடி மடித்து வாங்க வேண்டும்.

மணலுக்கு அலசல் தேவையில்லை, உதறல் போதும். சில விங்குகளில் இறக்கை நுனியில் வெல்க்ரோ வைத்த ஒரு சின்னத் திறப்பு இருக்கும், அது இதற்காகத்தான். வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே பார்க்காதவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

பூச்சி ஏதாவது உள்ளே இருந்தால் பரவாயில்லையா?

வெட்டுக்கிளி இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. புல்வெளியில் மடிக்கும்போது அறைக்குள் தாவி உட்கார்ந்துகொள்ளும். உயிரோடிருந்தால் வெளியே வரத் துணியைக் கடிக்கும். நசுங்கிச் செத்தால் அதன் சாறு கறையாகித் துணியை அரிக்கும். மடிக்கும் முன் முன்விளிம்பு வழியாக ஒரு முறை உள்ளே எட்டிப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

விமானப் பயணத்துக்கு எப்படி மடிப்பது?

வழக்கம்போல விசிறி மடிப்பாக, முன்விளிம்பில் இருக்கும் நைலான் கம்பிகள் வளையாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. இடம் போதவில்லை என்று காற்றை உறிஞ்சும் வெற்றிடப் பையில் போட்டு அழுத்தாதீர்கள். கம்பிகள் வளைந்தால் அடுத்த முறை முன்விளிம்பு சுருங்கிய முகத்தோடு எழும்.

விங் நடுவில், அதைச் சுற்றி ஹார்னஸ், வெளிப்பக்கம் நுரைப் பாதுகாப்பு உள்ள முதுகுப் பகுதி. இப்படி வைத்தால் எறிபவர்கள் எறிந்தாலும் நுரை வாங்கிக்கொள்ளும். ஹெல்மெட்டைக் கையோடு விமானத்துக்குள் கொண்டு போவதே என் பழக்கம். ஒரு பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள்நுரை வெளியே தெரியாமல் நசுங்கியிருக்கும், அதை நம்பி மறுபடி மலையேறுவதற்கில்லை. பைக்குள் வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே துணிகளைத் திணித்து, விங்குக்கு நடுவில் புதையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் ரிசர்வ் கைப்பிடி. பையை யாராவது பிடித்து இழுக்கும்போது அது எங்காவது மாட்டினால் ரிசர்வைப் பூட்டியிருக்கும் ஊசி (பின்) கழன்று ரிசர்வ் பைக்குள்ளேயே பிதுங்கி வந்துவிடும். கைப்பிடி உள்பக்கமாக இருக்கும்படி ஹார்னஸைத் திருப்பி வையுங்கள். டேப் போட்டு ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒட்டியதை எடுக்க மறந்து பறந்தால் அந்த ரிசர்வ் இருந்தும் இல்லாத கணக்கு.

மழையில் பைகள் ஓடுதளத்தின் ஓரத்தில் தள்ளுவண்டியிலேயே நனைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். விங் முழுக்கக் காய்ந்திருந்தால் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றில் சுற்றி வைக்கலாம். துளி ஈரம் இருந்தாலும் பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளேயே வெந்துவிடும்.

எடை கூடிவிட்டது. எதை எடுப்பது?

வழக்கமான ஒரு செட், அதாவது விங், ஹார்னஸ், ரிசர்வ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 கிலோ வரும். பல விமானங்களில் ஒரு பைக்கு அளவு 23 கிலோ. எனவே துணிமணிக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஒரே பையை 32 கிலோவுக்கு மேல் கட்டாதீர்கள், கூடுதல் பணம் கொடுத்தாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். தூக்குபவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. கனமான பறக்கும் பூட்ஸைக் காலில் போட்டுக்கொள்வது, பருத்த ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொள்வது எல்லாம் பழைய தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. வெயில் நாட்டு விமான நிலையத்தில் மலையேறுபவர் மாதிரி நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

போகும்போது ஏற்றிய அதே பை வரும்போது ஏறும் என்று நினைக்காதீர்கள். நடுவில் சின்ன உள்நாட்டு விமானம் இருந்தால் அதன் வரம்பு 15 கிலோவாகவும் இருக்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால் ஒவ்வொன்றின் வரம்பையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பேட்டரிகளை எங்கே வைப்பது?

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பமே தேவையில்லை, விதி உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான். சரக்கறைக்குப் போகும் பையில் வைக்கவே கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுதான். 160-க்கு மேல் பயணி எடுத்துச் செல்லவே முடியாது.

வாட்-மணி எழுதியிருக்காவிட்டால் கணக்குப் போடுங்கள்: வோல்ட் பெருக்கல் ஆம்பியர்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் என்றால் 3.7 பெருக்கல் 20, அதாவது 74. பிரச்சினை இல்லை. எழுத்து தேய்ந்து படிக்க முடியாமல் போன பவர் பேங்கைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை. 2025 முதல் பல விமான நிறுவனங்கள் பவர் பேங்கை மேலே உள்ள பெட்டகத்தில் வைக்கக் கூடாது, பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லத் தொடங்கியிருக்கின்றன.

சூடேற்றும் கையுறையின் பேட்டரியை எல்லோரும் மறப்பார்கள். வாக்கி-டாக்கிக்கு வாங்கிய உதிரி பேட்டரியையும். ஹார்னஸின் பக்கப் பைகளைத் தடவிப் பாருங்கள்.

ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை ஒலி எழுப்பிச் சொல்லும் கருவியான வேரியோவை அணைத்துவிட்டுக் கைப்பையில் வையுங்கள். அணைக்காமல் வைத்த ஒருவருக்கு என்ன ஆனது தெரியுமா? விமானம் ஏறும்போது கேபினுக்குள் அழுத்தம் மெல்லக் குறையும். வேரியோவின் பார்வையில் அது நொடிக்கு 2 மீட்டர் போல ஏறும் தெர்மல், அதாவது மேலெழும் வெப்பக்காற்று. பத்து நாளாகத் தேடியும் கிடைக்காத அந்த நீண்ட, சீரான "பீப் பீப்" மேல்பெட்டகத்திலிருந்து கேட்க ஆரம்பித்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் யாரும் ரசிக்கவில்லை.

ஹுக் கத்தி, காரபினர் (இணைப்பு வளையம்), நடைக்கோல்?

மூன்றும் கீழே போகும் பையில். லைன் சிக்கினால் அறுக்க உதவும் ஹுக் கத்தி ஹார்னஸ் பட்டையில் கண்ணுக்குத் தெரியாமல் செருகியிருக்கும். ஹார்னஸைக் கையோடு எடுத்துப் போகிறவர்கள் ஸ்கேனரில் மாட்டுவது இதனால்தான். நான் இரண்டு பறிகொடுத்திருக்கிறேன்.

உயிர்காப்பு ஜாக்கெட்டில் இருக்கும் வாயுக் குப்பி? ஆக்சிஜன்? சமையல் வாயு?

ஏரிக்கு மேல் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனவர்கள் கேட்கும் கேள்வி. தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட்டில் பொருத்திய சிறு கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் இரண்டும், உதிரியாக இரண்டும் எடுத்துச் செல்ல சர்வதேச விதிகள் இடம் தருகின்றன, விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு. ஒப்புதலை எழுத்தில் வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உயரப் பறப்புக்கு எடுத்துப் போன ஆக்சிஜன் உருளை காலியாக இருக்க வேண்டும், வால்வைக் கழற்றி வைத்து உள்ளே காலி என்பது பார்த்தாலே தெரியும்படி. அடுப்பு வாயுக் குப்பியும் புகைக்குண்டும் எந்தப் பையிலும் கூடாது. மிச்சமிருந்தால் அங்கேயே இன்னும் தங்கப் போகும் யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

செயற்கைக்கோள் டிராக்கர் வைத்திருக்கிறேன். வழியில் பிரச்சினை வருமா?

வரலாம், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி தேவை. இந்தியா அவற்றில் ஒன்று. அனுமதியில்லாமல் இந்தக் கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் போலீஸ் விசாரணைக்கு ஆளாகியிருக்கிறார்கள். மலையில் உயிர் காக்கும் பொருள்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. நீங்கள் பறந்த நாட்டின் விதியோடு நிறுத்தாமல், விமானம் மாறும் நாடு, இறங்கும் நாடு இரண்டின் விதியையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் "இது பாராசூட்டா?" என்று கேட்டால்?

"பாராகிளைடர், விளையாட்டுச் சாமான்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயால் துணிக்கோ லைனுக்கோ ஒன்றும் ஆகாது. பையைத் திறக்கச் சொன்னால் நீங்களே திறங்கள். ரிசர்வை மட்டும் பின்னை இழுக்காமல் காட்டுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பாராசூட்டைத் திறந்து பார்க்க நேர்ந்தால் பயணி கூட இருக்க வேண்டும் என்பது விதி, அதற்காக அரை மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்கிறார்கள். எந்த நாடாக இருந்தாலும் அந்த அரை மணி நேரம் நல்லதுதான்.

என் சொந்த விங்தான். சுங்கத்தில் வரி கேட்பார்களா?

கேட்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் புதிதாகப் பளபளக்கும் விங்காக இருந்தால் கேட்பார்கள். வாங்கிய ரசீதின் படம், விங்கின் நடு அறையில் தைத்திருக்கும் தொடர் எண் பட்டையின் படம், போகும்போதே எடுத்த தேதியுள்ள படம் ஒன்று. இந்த மூன்றும் போனில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். சில நாடுகளில் கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ள வழியுண்டு.

அங்கேயே புது விங் வாங்கிவிட்டேன்.

வாழ்த்துகள். இனிமேல் கொஞ்சம் காகித வேலை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருந்து, ஒன்றியத்துக்குள் கடையில் வாங்கியிருந்தால் மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதற்கான படிவம் கேளுங்கள். வாங்கிய மாதம் முடிந்து மூன்று மாதத்துக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒன்றியத்தின் கடைசி விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்க வேண்டும். எல்லோரும் தவறு செய்வது இங்கேதான்: பையை முதலில் ஒப்படைத்துவிட்டுப் பிறகு சுங்க மேசைக்குப் போவார்கள். அதிகாரி "பொருளைக் காட்டு" என்பார். பொருளோ கன்வேயரில் ஏறிப் போயிருக்கும். முதலில் சுங்கம், அப்புறம் செக்-இன்.

ஊர் திரும்பியதும் அங்கே வரியில்லா அளவைத் தாண்டுவதைச் சொல்லிவிடுவதே மேல். வெளியிலிருந்து விமானத்தில் வரும் ஐரோப்பியருக்கு இந்த அளவு 430 யூரோ, அமெரிக்கருக்குப் பொதுவாக 800 டாலர். புது விங் இரண்டையும் சுலபமாகத் தாண்டும். "பழசுதான்" என்று சமாளிக்க ஒரு முறை பறந்து கறையாக்கி வருபவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யாததோடு, வரி திரும்பக் கிடைப்பதையும் கெடுக்கலாம்.

காலணியில் மண் இருந்தால் என்ன?

பெரும்பாலான நாடுகளில் ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறீர்கள் என்றால் அதுதான் உங்கள் முதல் பிரச்சினை. நாம் இறங்குவது பெரும்பாலும் மாடு மேயும் புல்வெளியில். காலணியின் அடியில் சாணம், ஹார்னஸின் வெல்க்ரோவில் புல்விதை, விங் அறைக்குள் காய்ந்த சருகு. இவற்றோடு நோய்க்கிருமியும் களையும் வந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. நியூசிலாந்தில் இப்படிப்பட்ட பொருளை நுழையும்போது நிரப்பும் வருகை அட்டையில் குறிப்பிடாமல் மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

காலணியை முந்தின நாளே தேய்த்துக் கழுவுங்கள், விங்கை உதறுங்கள், அட்டையில் "ஆம்" என்று குறியுங்கள். குறித்தால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பழைய டூத் பிரஷ் ஒன்று பையில் இருந்தால் வெல்க்ரோ விதைகளுக்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

பை வரவில்லை. அல்லது கிழிந்து வந்திருக்கிறது.

விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பை வரும் கூடத்திலேயே புகார் மேசை இருக்கும். அங்கே எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதம் என்றால் பை கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதம் என்றால் வந்து சேர்ந்த 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாள் ஆகியும் வராத பையைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம்.

இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். ஒரு முழு செட்டின் விலை இதைவிட அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மீதிக்குப் பயணக் காப்பீடுதான் கை கொடுக்கும், அதுவும் விளையாட்டுச் சாமான் அதில் சேர்ந்திருந்தால்.

பை கிழிந்திருந்தால் உள்ளே லைன்களையும், அவை வந்து சேரும் பட்டையான ரைசரையும் கூடத்திலேயே ஒரு பார்வை பாருங்கள், படம் எடுங்கள். பையைச் சாத்துவதற்கு முன் உள்ளே ஒரு சிறு இடங்காட்டியைப் போட்டு வைத்தால், பை எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விமான நிறுவனத்துக்கு நீங்களே சொல்லலாம்.

விழுந்து அடிபட்டுவிட்டது. விமானத்தில் ஏறலாமா?

மருத்துவர் பார்க்காமல் ஏறாதீர்கள். குறிப்பாக, உட்கார்ந்த வாக்கில் பலமாகத் தரையில் மோதி முதுகு வலிக்கிறது என்றால். பாராகிளைடிங் விபத்துகளில் முதுகெலும்பு நசுங்குவது அடிக்கடி நடப்பது. எழுந்து நடக்க முடிகிறது என்பதால் எலும்பு முறியவில்லை என்று அர்த்தமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் "சதைப்பிடிப்பு" என்று சொல்லிக்கொண்டு 20 கிலோ பையைத் தூக்கி, இரண்டு விமானம் மாறி வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது.

விமானத்தின் கேபின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதைப் போலக் குறையும். உடம்புக்குள் எங்காவது காற்று சிக்கியிருந்தால் அது விரியும். விலா எலும்பு முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால் இது உயிருக்கே ஆபத்து. மாவுக்கட்டிலும் ஒரு சிக்கல் உண்டு: புதுக் கட்டுக்குள் கால் வீங்கும், இடமில்லாவிட்டால் ரத்த ஓட்டம் நிற்கும். அதனால்தான் பல நிறுவனங்கள் கட்டுப் போட்டு, குறுகிய பயணத்துக்கு 24 மணி நேரமும், இரண்டு மணிக்கு மேற்பட்ட பயணத்துக்கு 48 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கின்றன. அவசரமென்றால் கட்டை நீளவாக்கில் பிளந்து விட வேண்டும். காலை மடக்க முடியாதவருக்குக் கூடுதல் இருக்கை வேண்டும், ரத்தக்கட்டு வராமலிருக்க மருந்து தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தலையில் அடிபட்டு ஒரு கணமாவது நினைவு தப்பியிருந்தால் தனியாகப் பயணம் வேண்டாம்.

காப்பீட்டுக்கு அங்கிருந்து என்னென்ன வாங்கி வர வேண்டும்?

மருத்துவமனை அறிக்கை, அசல் ரசீதுகள், படங்களின் பிரதி, மீட்புக்கு வந்தவர்களின் கணக்கு. திருட்டு என்றால் போலீஸ் அறிக்கை. ஊருக்கு வந்த பிறகு வேறு மொழி பேசும் மருத்துவமனையிலிருந்து ஒரு காகிதம் வரவழைப்பது பெரும்பாடு. சொந்த நாட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும் செலவு பாலிசியில் இருக்கிறதா என்று போகும் முன்பே பார்க்க வேண்டும். ஐரோப்பியர் வைத்திருக்கும் பொது மருத்துவ அட்டை அதைத் தராது.

பறப்புப் பதிவுகள்?

கருவியிலிருந்து ஐஜிசி கோப்புகளை (பறந்த பாதையின் பதிவு) அங்கேயே இன்னொரு இடத்திலும் நகலெடுங்கள். ஆன்லைன் போட்டிகளில் பதிவேற்றக் கெடு உண்டு, வீட்டுக்கு வந்து ஆறப் போட்டால் தாண்டிவிடும். கோப்பில் இருக்கும் நேரம் உலகப் பொது நேரம். அதிகாலை இருட்டில் பறந்ததாகக் காட்டினால் பதறாதீர்கள்.

வீடு வந்தாயிற்று. முதலில் என்ன?

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பையைத் திறந்து விங்கை வெளியே எடுத்துத் தளர்த்திப் போடுங்கள், நள்ளிரவானாலும் சரி. மிச்சம் எல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம்.

அந்த அடுத்த வாரத்தில்: வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துச் சிறு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். லைன்களை விரலுக்கிடையே ஒவ்வொன்றாக உருவுங்கள். மேலுறை கிழிந்த இடம் விரலுக்கு உடனே தெரியும். ஒரு பெரிய பயணத்தில் சாதாரணமாக ஆறு மாதத்தில் பறக்கும் மணிநேரம் சேர்ந்துவிடும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டு அல்லது 100 முதல் 150 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அப்போது முழுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். உங்கள் விங்கின் கையேட்டைப் பாருங்கள். பழைய லைன்களில் சில சுருங்கும், சில நீளும். விங் எழும்போது பின்னால் தயங்கி நிற்கிறது என்றால் துணியைக் குறை சொல்வதற்கு முன் லைன் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். ஈரமான இடத்தில் பறந்திருந்தால் ரிசர்வையும் பிரித்து மடிக்கக் கொடுங்கள்.

திரும்பி வந்ததிலிருந்து இங்கே பறக்கவே பிடிக்கவில்லை.

எல்லோருக்கும் வரும். நான் செய்வது ஒன்றுதான்: இரண்டு வாரம் விங்கைத் தொடுவதில்லை. பெரிய மலையில் பழகிய கை, சின்னக் குன்றின் சுழற்காற்றில் பிரேக்கை அதிகமாகவோ குறைவாகவோ இழுத்துவிடுகிறது. முதல் நாள் காற்று இல்லாத காலையில் தரையிலேயே விங்கைத் தூக்கி நிறுத்திப் பழகிவிட்டுத்தான் மேலே போவேன்.

அதற்குள் ஹார்னஸின் அடிப்பையில் கை விட்டு ஒரு முறை துழாவிப் பாருங்கள். போன பயணத்தில் அங்கே எனக்குக் கிடைத்தது பாதி தின்ற சாக்லேட், ஒரு ஒற்றைக் கையுறை, அப்புறம் வாசலில் நின்று அரை மணி நேரம் தேடிய என் வீட்டுச் சாவி.